பழைய பேக்கப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அப்கிரேடு செய்யுங்கள்

கல்லூரிகளிலும் சிறு மருத்துவமனைகளிலும் அச்சகங்களிலும் கூட்டுறவு சங்கங்களிலும் ஒற்றை ஆளாக லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு,



உங்கள் பொறுப்பில் இருக்கும் வெப் சர்வர் நின்றால் ஐந்து நிமிடத்தில் போன் வரும். மெயில் நின்றால் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். பேக்கப் சர்வர் நின்றால் மட்டும் யாரும் கூப்பிடமாட்டார்கள். கணக்குப் பிரிவில் யாரோ ஒருவர் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு உங்கள் மேசை முன்னால் வந்து நிற்கும் நாளில்தான் விஷயம் வெளியே வரும். பேக்கப் நின்ற நாளுக்கும் அவர் வந்து நிற்கும் நாளுக்கும் நடுவில் மாதக்கணக்கில் ஓடியிருக்கலாம். அந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு அப்கிரேடில்தான் தொடங்குகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பல இடங்களில் பேக்கப் சர்வர் இன்னும் டெபியன் 10-இல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 'ஓடுவதைத் தொடாதே' என்று விட்டுவைத்தது. டெபியன் 10-க்கான நீண்டகால ஆதரவும் 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வழக்கமான வழியில் வராது. ஆகவே மாற்றத்தான் வேண்டும். நிறுவனத்தின் அத்தனை தகவலும் குவிந்து கிடக்கும் சர்வரை ஓட்டையோடு விட்டுவைப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருப்பீர்கள். அந்த ஞாயிறு வருவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். சர்வீஸ் ஓடுகிறது என்று திரையில் பச்சை எழுத்து வந்ததும் அப்கிரேடு முடிந்ததாக எழுதிவைக்காதீர்கள். பழைய பதிப்பு எடுத்துவைத்த ஒரு பேக்கப்பைப் புதிய பதிப்பைக் கொண்டு வெளியே எடுங்கள். அதைத் திறந்து பாருங்கள், ஒப்பிடுங்கள். அது சரியாக வந்தால்தான் வேலை முடிந்தது. மற்ற மென்பொருளில் பழைய பதிப்பு நேற்று செய்த வேலை நேற்றோடு போயிற்று. பேக்கப்பில் அப்படி இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அது எழுதிவைத்ததை நாளைக்கு வரப்போகும் பதிப்பு படிக்க வேண்டும். நாம் மாற்றுவது நிரலை மட்டும் என்று நினைக்கிறோம். மாறுவது அந்தப் பழைய எழுத்தைப் படிக்கும் கண்ணும்கூட.

கியோட்டோவில் நடந்ததை முதலில் சொல்கிறேன். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சூப்பர் கம்ப்யூட்டருக்கென்று பெரிய லினக்ஸ் சேமிப்பகம் ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, மூன்று நாட்களுக்குள், அதிலிருந்து ஏறக்குறைய 77 டெராபைட் அளவுள்ள கோப்புகள் அழிந்தன. எண்ணிக்கையில் 3.4 கோடி. பாதிக்கப்பட்டவை 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றில் 4 குழுக்களின் தகவலைத் திரும்ப எடுக்க வழியே இல்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. வைரஸ் வரவில்லை, யாரும் உள்ளே புகவில்லை, வட்டும் கெட்டுப்போகவில்லை. அழித்தது பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டின் புதிய பதிப்பு.

அந்த ஸ்கிரிப்டில் 10 நாளைக்கு மேல் பழையதான லாக் கோப்புகளை அழிக்கும் ஒரு பகுதி இருந்தது. 'ஃபைண்ட்' கட்டளையால் தேடி அழிப்பது. நாம் எல்லோரும் எழுதுவதுதான். படிப்பதற்குத் தெளிவாக இருக்கட்டும் என்று பராமரிப்பு நிறுவனத்தார் அதில் மாறிகளின் பெயரைத் திருத்தினார்கள். திருத்தியதில் தவறில்லை. பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அதன் மேலேயே புதியதை எழுதியதுதான் வினையாகிவிட்டது. பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுவதும் படித்து நினைவில் வைத்துக்கொண்டு ஓடுவதில்லை. கொஞ்சம் படிக்கும், செய்யும், மறுபடி கோப்பைத் தொட்டு அடுத்ததைப் படிக்கும். பாதி ஓடி வந்த அது, மீதியைப் புதிய கோப்பிலிருந்து படித்தது. புதிய பெயர் கொண்ட மாறிக்கு யாரும் மதிப்புக் கொடுத்திருக்கவில்லை. லாக் ஃபோல்டர் என்று இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அழிக்கும் கட்டளை லாக்கை விட்டுவிட்டு ஆய்வாளர்களின் சேமிப்பகத்துக்குள் இறங்கிவிட்டது. பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று அந்த நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும் அந்த நான்கு குழுக்களின் உழைப்பு திரும்பவில்லை.

டெபியன் பேக்கேஜ் வழியாக அப்கிரேடு செய்தால் இதே விபத்து இதே வடிவத்தில் வராது. 'டிபிகேஜி' பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. பக்கத்தில் புதிய கோப்பை எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றி வைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கையில் பழைய கோப்பே இருக்கும். ஆனாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. பெர்ல், பைத்தான் நிரல்கள் தேவைப்படும் நேரத்தில் துணைக் கோப்புகளைப் படித்துக்கொள்பவை. பாதி பழையது, பாதி புதியது என்று ஓர் இரவு ஓடிவிடலாம். அதைவிட முக்கியம், உங்கள் கையால் எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்டுகள். பேக்கப்புக்கு முன்னால் டேட்டாபேஸை டம்ப் எடுக்கும் ஒன்று, பழைய டம்ப்பை அழிக்கும் ஒன்று என்று எல்லோரிடமும் இரண்டு மூன்று இருக்கும். அப்கிரேடு செய்யும் நாளில் அவற்றையும் திறந்து, அங்கேயே திருத்தி, அங்கேயே சேமிப்போம். கியோட்டோ அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்துங்கள். கிரானில் இருக்கும் வரிகளை முடக்குங்கள். ஓடும் பேக்கப் தானாக முடியும்வரை காத்திருங்கள். சர்வீஸை நிறுத்துங்கள். நிறுத்திய பின்னும் அந்தப் பயனர் பெயரில் ஏதாவது பிராசஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். தானாக அப்டேட் ஆகும் வசதியை அந்தச் சர்வரில் போட்டு வைத்திருந்தால், பேக்கப் பேக்கேஜை மட்டுமாவது 'ஹோல்டு' செய்து வையுங்கள். நள்ளிரவில் நீங்கள் இல்லாதபோது மாறக்கூடாத பேக்கேஜ் அது.

அடுத்து, பேக்கப்பிசி. உங்களில் பலர் பயன்படுத்துவது இதைத்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிரெய்க் பாரெட் எழுதி 2001-இல் வெளியிட்டது. இருபது முப்பது கணினிகள் இருக்கும் அலுவலகத்துக்கு இதைப்போல் பொருத்தமான கருவி குறைவு. ஒவ்வொரு கணினியிலும் தனியாக ஒரு நிரலை நிறுவாமலே வேலை நடக்கும். டெபியன் 10-இல் இருப்பது இதன் 3.3 பதிப்பு. டெபியன் 11-இல் இருப்பது 4.4. ஒரு படி மேலே போகிறோம் என்று நினைத்துத்தான் அப்கிரேடு கட்டளை கொடுக்கிறோம். ஆனால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் சேமிக்கும் முறையே மாறிவிட்டது.

மூன்றாம் பதிப்பு முழுக்க முழுக்க ஹார்டு லிங்க்கை நம்பியது. ஒரே மனிதரை வீட்டில் ஒரு பெயரிலும் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பெயரிலும் கூப்பிடுவதுபோல், வட்டில் ஒரே ஒரு முறை எழுதப்பட்ட கோப்புக்குப் பல ஃபோல்டர்களில் பல பெயர்கள் இருக்கும். முப்பது கணினிகளில் ஒரே கோப்பு இருந்தால் அது வட்டில் ஒரு தடவைதான் இடம்பிடிக்கும். அதனால்தான் ஒரு டெராபைட் வட்டுக்குள் ஆறேழு டெராபைட் பேக்கப் அடங்குகிறது. நான்காம் பதிப்பு ஹார்டு லிங்க்கை முழுவதும் விட்டுவிட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு எம்டி5 கையொப்பம் கணக்கிட்டு, எந்தப் பேக்கப் எதைச் சுட்டுகிறது என்று தனியே எண்ணிக்கை வைத்துக்கொள்கிறது. பேக்கப்புகளை வரிசைப்படுத்தும் திசையும் மாறிவிட்டது. மூன்றில் முழு பேக்கப் ஒன்று இருக்கும், அதன்மேல் மாற்றங்கள் அடுக்கப்படும். நான்கில் கடைசியாக எடுத்தது முழுமையாக இருக்கும்; பழையவை அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் வேறுபாடுகளாக இருக்கும்.

நான்காம் பதிப்பால் மூன்றாம் பதிப்பின் பேக்கப்பைப் படிக்க முடியும், அதிலிருந்து கோப்பை எடுத்துத்தர முடியும். எழுதியவர்கள் அந்த அளவுக்குப் பொறுப்பாகவே செய்திருக்கிறார்கள். திரும்பும் வழிதான் கிடையாது. நான்காம் பதிப்பு எடுத்த பேக்கப்பை மூன்றாம் பதிப்புக்குப் படிக்கத் தெரியாது. புதியதில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு, சரிப்பட்டு வரவில்லை என்று பழையதை நிறுவினால் அந்த வாரம் காணாமல் போகும். டெபியனும் பேக்கேஜைப் பழைய பதிப்புக்கு இறக்குவதை அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. பழைய பேக்கேஜ் கோப்பு ஸ்னாப்ஷாட் டெபியன் தளத்தில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நிரல் பழையதானாலும் வட்டில் இருப்பது பழையதாகிவிடாது.

எனவே அப்கிரேடுக்கு முன்னால் அந்த வட்டின் நகல் ஒன்று வேண்டும். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். பேக்கப்பிசியின் தகவல் ஃபோல்டரைச் சாதாரண 'சிபி' கட்டளையால் இன்னொரு வட்டுக்கு நகலெடுத்தால் ஹார்டு லிங்க் எல்லாம் அறுந்து, ஒவ்வொரு பெயரும் தனித்தனிக் கோப்பாக விரியும். ஒரு டெராபைட் ஏழு டெராபைட்டாகப் பெருகி, நகல் நடுவில் நின்றுவிடும். ஆர்சிங்க்குக்கு ஹார்டு லிங்க்கைக் காப்பாற்றச் சொல்லும் தேர்வு இருக்கிறது. ஆனால் பல லட்சம் லிங்க்குகளை நினைவில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருப்பதால், சிறிய சர்வர்களில் நினைவகம் தீர்ந்து திணறும். இந்த இடத்தில் கோப்பு கோப்பாக நகலெடுக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். சர்வீஸை நிறுத்தி, பகிர்வை (பார்டிஷனை) அன்மவுண்ட் செய்து, பகிர்வு முழுவதையும் அப்படியே பிளாக் பிளாக்காக இன்னொரு வட்டுக்கு எழுதுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் கிடைப்பது சந்தேகமில்லாத நகல்.

எல்விஎம் ஸ்னாப்ஷாட் போதாதா என்று கேட்பீர்கள். அவசரத்துக்கு உதவும். ஆனால் வழக்கமான ஸ்னாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டால் அது செல்லாததாகிவிடும். அப்கிரேடுக்குப் பின் முதல் இரவு ஓடும் பராமரிப்பு வேலையே அதை நிறைத்துவிடக்கூடும். மேலும் அது அதே வட்டில்தான் இருக்கிறது. ஒரு புதிய வட்டு வாங்கித்தரச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். இந்த ஒரு செலவுக்காக வாதாடுங்கள். மாணவர்களின் மதிப்பெண் பட்டியலும் நோயாளிகளின் ஸ்கேன் படமும் அந்த வட்டில்தான் இருக்கின்றன என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். அதைச் சொல்வதும் நம் வேலைதான்.

பழைய பேக்கப்புகளை நான்காம் பதிப்பின் வடிவத்துக்கு மாற்றித்தரும் ஒரு ஸ்கிரிப்ட் பேக்கப்பிசியுடனே வருகிறது. அதை முதல் நாளே ஓட்டாதீர்கள். அவசரம் ஒன்றுமில்லை. பழையவை பழைய வடிவிலேயே இருக்கட்டும். நாளடைவில் அவற்றின் காலம் முடிந்து தாமாக நீங்கும். மாற்றியே தீர வேண்டும் என்றால், எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் அச்சிடும் தேர்வு அதில் இருக்கிறது. முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். பிறகு முக்கியம் குறைந்த ஒரே ஒரு கணினியின் பேக்கப்பை மாற்றிப் பாருங்கள்.

இனி, அப்கிரேடு நடக்கும்போது திரையில் வரும் கேள்விகள். கான்ஃபிக் கோப்பில் நீங்கள் மாற்றம் செய்திருந்தால், பேக்கேஜோடு வந்ததை வைக்கவா, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். பொதுவாக எல்லோரும் 'இருப்பதை வைத்துக்கொள்' என்று எண்டரைத் தட்டிவிடுவோம். பேக்கப்பிசியில் அது பாதி சரி. பழைய கான்ஃபிக் அப்படியே இருந்தால் புதிய பதிப்பு எதிர்பார்க்கும் வரிகள் அதில் இருக்காது. உதாரணமாக, எஸ்எஸ்எச் வழியாக ஆர்சிங்க்கை அழைக்கும் முழுக் கட்டளையையும் மூன்றாம் பதிப்பில் ஒரே வரியில் எழுதுவோம். நான்கில் அது பிரிந்து வேறு பெயர்களில் இருக்கிறது. மாறாக, புதிய கான்ஃபிக்கை ஏற்றுக்கொண்டால் எத்தனை நாள் பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்த எண்ணிக்கை போய், பேக்கேஜின் எண்ணிக்கை வந்துவிடும். அன்றிரவே பராமரிப்பு வேலை அந்தப் புதிய எண்ணிக்கையைப் பார்த்து, உங்கள் பழைய முழு பேக்கப்புகளை அதிகப்படி என்று அழிக்கத் தொடங்கலாம். பிழைச்செய்தி எதுவும் வராது, ஏனென்றால் அது சொன்னதைத்தான் செய்கிறது. அப்கிரேடு விபத்துகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

ஆகவே ஈடிசி ஃபோல்டர் முழுவதையும் முன்கூட்டியே நகலெடுத்து வையுங்கள். கேள்வி வந்தால் வேறுபாட்டைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். எதைத் தேர்ந்தாலும் மற்றொன்று பக்கத்திலேயே வேறு பின்னொட்டோடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையால் ஒன்றாக்கிய பிறகே சர்வீஸைத் தொடங்குங்கள். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே நீங்கள் எழுதிய கான்ஃபிக் கோப்புகளைப் பற்றிப் பேக்கேஜ் கேட்கவே கேட்காது. அவற்றில் இருக்கும் பழைய பெயர்களை நீங்கள்தான் தேடித் திருத்த வேண்டும்.

அப்கிரேடு கட்டளை கொடுத்தவுடன் நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியல் ஒன்று வரும். அதை வரி வரியாகப் படியுங்கள். 'ஆம்' சொல்வதற்கு முன்னால் ஒருமுறை பாவனையாக ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஏதாவது சிக்கிக்கொண்டால் முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்று கை துறுதுறுக்கும். 'ரிமூவ்' செய்தால் கான்ஃபிக்கும் தகவலும் தங்கும். 'பர்ஜ்' செய்தால் கான்ஃபிக் போகும். சில பேக்கேஜ்களில் அதன் நீக்கல் ஸ்கிரிப்ட் வார் ஃபோல்டருக்குள் இருக்கும் தகவலையும் சேர்த்துத் துடைக்கும். மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் பேக்கேஜ்கள் அப்படிச் செய்யும் முன் டேட்டாபேஸையும் அழிக்கவா என்று கேட்கின்றன. எல்லாப் பேக்கேஜும் கேட்கும் என்று நம்ப வேண்டாம். பேக்கப் சர்வரில் பர்ஜ் என்ற சொல்லையே அந்த நாள் முழுவதும் தட்டச்சு செய்யாதீர்கள்.

மவுண்ட் விஷயமும் இங்கேதான் வருகிறது. பேக்கப் தகவல் தனி வட்டில் இருந்தால், அப்கிரேடுக்குப் பின் ரீபூட் ஆகும்போது அது மவுண்ட் ஆகாமல் போனால் என்ன ஆகும்? ஃபோல்டர் இருக்கும், உள்ளே வெறுமையாக இருக்கும். பேக்கேஜ் தனக்கு வேண்டிய அமைப்பை அங்கே புதிதாக உருவாக்கிக்கொண்டு, எல்லாம் சரி என்று ரூட் வட்டில் எழுதத் தொடங்கும். பேக்கப் எல்லாம் போய்விட்டது என்று நீங்கள் பதறுவீர்கள். அவை மவுண்ட் ஆகாத வட்டில் பத்திரமாக இருக்கும். பதற்றத்தில் செய்யும் அடுத்த காரியம்தான் நிஜமான சேதத்தைச் செய்யும். எஃப்எஸ்டேப்பில் வட்டின் பெயருக்குப் பதில் யுயுஐடி எழுதுங்கள். வட்டு மவுண்ட் ஆகியிருந்தால்தான் சர்வீஸ் தொடங்கும் என்று சிஸ்டம்டியில் ஒரு வரி சேருங்கள். இன்னொன்று: டெபியனில் பேக்கப்பிசி பயனரின் ஹோம் ஃபோல்டர் தகவல் ஃபோல்டரேதான். மற்ற கணினிகளுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவியும் அதற்குள்ளேயே இருக்கிறது. புதிய இயந்திரத்தில் முதலிலிருந்து நிறுவுபவர்கள் அந்தச் சாவியையும், பயனரின் எண் பழைய எண்ணோடு பொருந்துகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டில் உரிமையாளர் பெயராக எழுதப்படுவதில்லை, எண்ணாகத்தான் எழுதப்படுகிறது.

போர்க் என்ற பேக்கப் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். 2015-இல் அட்டிக் என்ற திட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்தது அது. டெபியன் 11-இல் 1.1, டெபியன் 12-இல் 1.2. எண்ணில் சின்ன வித்தியாசம். 1.1-இல் பழைய பேக்கப்புகளைக் கழிக்கும் 'புரூன்' கட்டளை கொடுத்தால் வட்டில் இடமும் காலியாகும். 1.2-இலிருந்து இடம் காலியாவதற்கு 'காம்பாக்ட்' என்று தனிக் கட்டளை கொடுக்க வேண்டும். பழைய இரவு ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் இல்லாமல் ஓடும். புரூன் வெற்றி என்று லாக் சொல்லும். வட்டு மட்டும் நாளுக்கு நாள் நிறைந்துகொண்டே போகும். ஆறு மாதம் கழித்து ஓரிரவு இடமில்லாமல் பேக்கப் நிற்கும்போது, காரணம் அப்கிரேடு என்று யாருக்கும் தோன்றாது.

2023-இல் வந்த 1.2.5 பதிப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டது. அதன் பிறகு, ஒவ்வொரு பேக்கப்பும் போலியில்லை என்பதற்கான அத்தாட்சி அதிலேயே இருக்க வேண்டும். பழைய பேக்கப்புகள் சிலவற்றில் அது இருக்காது. அவற்றுக்கு அத்தாட்சி சேர்க்கும் வேலையை வெளியீட்டுக் குறிப்பில் சொன்ன வரிசையில் ஒருமுறை செய்ய வேண்டும். அதைச் செய்து முடிக்கும்வரை பழுதுபார்க்கும் கட்டளையையோ கழிக்கும் கட்டளையையோ தொடக்கூடாது. குறிப்பைப் படிக்காமல் 'ரிப்பேர்' என்ற சொல்லை நம்பிக் கொடுப்பது ஆபத்து. ரெப்போவின் சாவியை எக்ஸ்போர்ட் செய்து, கடவுச்சொல்லோடு வேறோர் இடத்தில் வைத்திருக்கிறீர்களா என்பதையும் இதே நாளில் பார்த்துவிடுங்கள். சாவி இல்லாத ரெப்போ வெறும் எண்குவியல்.

பேக்யூலாக்காரர்களுக்குச் சுருக்கமாக: உங்கள் கேட்டலாக் டேட்டாபேஸை முதலில் டம்ப் எடுங்கள். டைரக்டரும் ஸ்டோரேஜ் டீமனும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும், இரண்டையும் சேர்த்தே ஏற்றுங்கள். கணினிகளில் ஓடும் ஃபைல் டீமன் பழையதாக இருக்கலாம், டைரக்டரைவிடப் புதியதாக இருக்கக்கூடாது.

கருவி எதுவானாலும் டேட்டாபேஸ் டம்ப் எடுக்கும் நிரலைத் தனியே சோதியுங்கள் என்று வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். மனிதக் கை தவறுவது எங்கும் நடக்கும். பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் டம்ப் போய்ச்சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர்களுடைய டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6. டம்ப் எடுக்க ஓடியதோ 9.2-இன் கருவி. தன்னைவிடப் புதிய சர்வரிலிருந்து டம்ப் எடுக்க அந்தக் கருவி மறுத்துவிடும், மறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிழைச்செய்தி மெயிலாகப் போனது. மெயிலில் அத்தாட்சிக் கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. அத்தனையையும் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் தற்செயலாகக் கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட். அந்த ஆறு மணி நேரத் தகவல் போயிற்று. நடந்த அத்தனையையும் மறைக்காமல் உலகத்துக்கு எழுதிவைத்தார்கள் என்பதற்காக அவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். அதைப் படித்துத் தங்கள் டம்ப்பைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

அந்த நிறுவனத்தில் பொறியாளர்கள் பலர் இருந்தார்கள். உங்கள் இடத்தில் நீங்கள் ஒருவர்தான். ஆகவே பேக்கப் சர்வரைப் புதிதாக்கிய கையோடு, அது பேக்கப் எடுக்கும் சர்வர்களில் டேட்டாபேஸ் எந்தப் பதிப்பு, டம்ப் எடுப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். நேற்றைய டம்ப் கோப்பின் அளவைப் பாருங்கள். சுழியம் பைட் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அளவு சரியாக இருந்தாலும் ஒரு சோதனை டேட்டாபேஸில் ஏற்றிப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு பேக்கப்பைத் தோற்கச் செய்து, எச்சரிக்கை மெயில் உங்கள் போனுக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

சோதனையை எப்படிச் செய்வது? அப்கிரேடுக்கு முந்தைய வாரம், பழைய பதிப்பு ஓடும்போதே, சில கோப்புகளைத் தேர்ந்தெடுங்கள். எளிதானவற்றை எடுக்காதீர்கள். தமிழில் பெயர் வைத்த கோப்பு ஒன்று, பெயரில் இடைவெளி உள்ளது ஒன்று, பல ஜிபி அளவுள்ள ஒன்று, குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் அனுமதியுள்ளது ஒன்று, சிம்லிங்க் ஒன்று, வெறும் ஃபோல்டர் ஒன்று. தமிழ்ப் பெயரைக் குறிப்பாகச் சொல்கிறேன். எழுத்துக் குறியீடு சார்ந்த கோளாறுகள் ஆங்கிலப் பெயர்களில் வெளியே தெரிவதில்லை, நம் கோப்புகளில்தான் தெரியும். மிகப் பழைய பேக்கப்பிலிருந்தும் நேற்றைய பேக்கப்பிலிருந்தும் அவற்றை வேறொரு ஃபோல்டருக்கு ரீஸ்டோர் செய்து, ஷா256 கையொப்பம் எடுத்து, அனுமதி, உரிமையாளர், தேதி ஆகியவற்றோடு ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள். பழைய பதிப்பிலேயே ரீஸ்டோர் வேலை செய்யவில்லை என்று இந்தக் கட்டத்தில் தெரிந்தால் அப்கிரேடை ஒத்திப்போடுங்கள். அது அப்கிரேடு செய்த குற்றம் இல்லை, ஆனால் அப்கிரேடுக்குப் பிறகு தெரிந்திருந்தால் எது காரணம் என்று யாராலும் பிரித்தறிய முடியாது.

அப்கிரேடு முடிந்ததும் அதே கோப்புகளை, அதே பழைய பேக்கப்புகளிலிருந்து, புதிய பதிப்பால் எடுங்கள். தாளோடு ஒப்பிடுங்கள். ஒரு கையொப்பம் மாறினாலும் கிரானைத் திறந்துவிடாதீர்கள். எல்லாம் பொருந்தினால், ஒரே ஒரு கணினிக்கு மட்டும் புதிதாக முழு பேக்கப் எடுத்து, அதிலிருந்தும் ரீஸ்டோர் செய்து பாருங்கள். பிறகு மற்ற கணினிகளை இரண்டு மூன்று நாட்களில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். அத்தனையையும் ஒரே இரவில் அவிழ்த்துவிட்டால், புதிய பதிப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒப்பிட்டுப் படிக்க முயன்று, காலை அலுவலகம் திறந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும்; யாராவது எரிச்சலில் வந்து நிறுத்தச் சொல்வார்கள்.

பிளாக் நகல் எடுத்த அந்த இரண்டாவது வட்டைக் கழற்றி, தேதியும் பேக்கப்பிசி 3.3 என்ற குறிப்பும் எழுதி ஒட்டி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். பழைய இயங்குதளம் இருந்த ரூட் பகிர்வின் நகலும் அதிலேயே இருக்கட்டும். என்றாவது அந்த வட்டைப் படிக்க வேண்டிவந்தால் அதைப் படிக்கத் தெரிந்த நிரலும் கூடவே வேண்டும். நீங்கள் எத்தனை மாதம் பேக்கப் வைத்திருப்பதாக நிர்வாகத்திடம் ஒப்புக்கொண்டிருக்கிறீர்களோ, அத்தனை மாதமும் கழிந்து, புதிய பதிப்பு எடுத்த பேக்கப்புகளே அந்தக் காலம் முழுவதையும் நிரப்பும்வரை அந்த வட்டை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். நடுவில் யாராவது வந்து, சும்மா கிடக்கும் நான்கு டெராபைட் வட்டு ஒன்று இருக்கிறதாமே, சிசிடிவிக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று நிச்சயம் கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப்போல் சர்வர் பார்க்கும் ஒருவர்